தண்டவாளத்தை ஒட்டிய வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டை விற்பது பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அல்சூர் ஏரியைப் பார்த்த வீட்டை விற்க என் பேச்சு வேண்டியதில்லை. நான் பேசப்போவது மற்ற வீடுகளைப் பற்றி. ராஜகாலுவே என்கிற மழைநீர்க் கால்வாய் ஓரத்து வீடு, கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டிய வீடு, ஆட்டோ நுழையாத சந்து வீடு, தெருக்குத்து வீடு. எங்கள் அம்மாவின் வீடு ரயில் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. ஜீவனஹள்ளிப் பக்கம், பெங்களூர் கிழக்கு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். அப்பா ஆம்பூரிலிருந்து ஆலை வேலைக்கு வந்து, 20-க்கு 30 அடி சைட்டில் கட்டிய வீடு. சென்னைக்குப் போகிற வண்டிகள் எங்கள் சமையலறை ஜன்னலைத் தாண்டித்தான் போகும். அம்மாவுக்குக் கடிகாரமே வேண்டாம். பிற்பகலில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் போனதும் காபிக்குப் பால் வைத்துவிடுவார்.

அந்த வீட்டை விற்க முதல் தடவை நாங்கள் செய்தது ஏமாற்று வேலை. அண்ணன் ரயில் அட்டவணையை வைத்துக்கொண்டு, வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து ஆட்களை வரச் சொன்னார். திரையை இழுத்துவிட்டு, டிவியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமமூர்த்தி நகரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வீடு பிடித்துவிட்டது. அட்வான்ஸ் பேச உட்கார்ந்து, காபியைக் கையில் எடுத்தார்கள். அட்டவணையில் சரக்கு வண்டி இருக்காது என்பது அண்ணனுக்குத் தோன்றவில்லை. அது போய்க்கொண்டே இருந்தது. ஷோகேஸில் அடுக்கியிருந்த டம்ளர்களெல்லாம் கிணுகிணுவென்று ஆடின. வந்திருந்த அம்மா காபியைக் குடித்து முடித்துவிட்டு, "இன்னும் என்னென்ன மறைச்சிருக்கீங்க?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதோடு சரி.

வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் 20 வருடத்துக்கு மேல் உட்கார்ந்த எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. இந்த மாதிரி வீட்டைப் பார்க்க வருகிறவர் ஒரு குறையைப் பொறுத்துக்கொள்ளத் தயாராகத்தான் வருகிறார். அவர் பொறுமையெல்லாம் அந்த ஒன்றுக்கே செலவாகிவிடும். இரண்டாவதாக ஒரு குழாய் சொட்டினால் போச்சு. நல்ல தெருவில் அதே குழாய் யார் கண்ணிலும் படாது.

அம்மா வீட்டில் குளியலறைச் சுவரின் மறுபக்கம் ஓதம் இருந்தது. பட்டி பூசி இரண்டு கோட் பெயின்ட் அடித்தால் தெரியாது என்றார் பெயின்டர். அடுத்த மழை வரைக்கும் தெரியாது, உண்மைதான். ஆனால் ஒரு சுவரில் மட்டும் புதுப் பெயின்ட் வாசனை அடித்தால் வருகிறவர்கள் அந்தச் சுவரைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள். குழாயையும் டைல்ஸ் இடுக்கையும் சரிசெய்து, சுவர் காய ஒரு மாதம் விட்டு, பிறகு வீடு முழுக்க ஒரே வெளிர் நிறம் அடித்தோம். தண்டவாளப் பக்கத்து ஜன்னல்களை எடுத்துவிட்டு, ரப்பர் பட்டியும் இரட்டைக் கண்ணாடியும் உள்ள யூபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னல் போட்டோம். காற்று நுழைகிற இடுக்கு வழியாகத்தான் சத்தமும் நுழைகிறது. இடுக்கை அடைத்தால் சத்தம் நன்றாகக் குறையும். தரை அதிர்வது குறையாது, அதற்கு எந்தக் கண்ணாடியும் உதவாது. அதையும் சொல்லிவிடுவது நல்லது.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 2024 கோடையில் போர்வெல் வற்றி லாரிக்குக் காத்திருந்த ஊர் இது. காவிரி கனெக்‌ஷனா என்பதுதான் முதல் கேள்வி. சம்ப்பை, அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியை, கழுவி, மூடியைத் திறந்தே காட்டுங்கள்.

காகிதம்தான் எங்களை அலைய வைத்தது. அப்பா போன பிறகும் காத்தாவை, அதாவது மாநகராட்சியின் சொத்துப் பதிவை, எங்கள் பெயருக்கு மாற்றாமல் வரி மட்டும் கட்டிக்கொண்டிருந்தோம். 2024 அக்டோபரிலிருந்து பெங்களூரில் இ-காத்தா (மின்னணுக் காத்தா) இல்லாமல் கிரயம் பதிவு செய்ய முடியாது. இதில் நம் தமிழ் ஆட்களுக்கென்று ஒரு தனித் தொல்லை, இனிஷியல். பத்திரத்தில் அப்பாவின் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து நிற்கிறது. ஆதாரில் அந்த எழுத்து தாத்தாவின் பெயராக விரிந்து பின்னால் போய்விட்டது. வரி ரசீதில் கன்னட உச்சரிப்பில் வேறு மாதிரி இருக்கிறது. மூவரும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம், வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று என்று நான்கு மாதம் ஓடியது. பெயின்டரைக் கூப்பிடுவதற்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள். இடம் சுமாரான வீட்டுக்கு வங்கியின் மதிப்பீட்டாளர் எப்படியும் கொஞ்சம் குறைத்துத்தான் போடுவார். காகிதமும் இடறினால் கடனே கிடைக்காது. அப்புறம் கைப்பணம் வைத்திருப்பவர் மட்டும்தான் கேட்பார், அவர் கேட்கிற விலையும் தெரிந்ததே.

ராஜகாலுவே ஓரத்தில் இருப்பவர்களுக்கு வேலை இன்னும் அதிகம். பெங்களூரின் 2015 மாஸ்டர் பிளான், கால்வாயின் நடுவிலிருந்து பெரிய கால்வாய்க்கு 50 மீட்டர், அடுத்த வகைக்கு 25, சின்னதுக்கு 15 என்று இடம் விடச் சொன்னது. 2016-ல் பசுமைத் தீர்ப்பாயம் இந்த அளவுகளை மாற்றியது. 2019-ல் உச்ச நீதிமன்றம் அந்த மாற்றத்தை ரத்து செய்தது. நீங்கள் விற்கிற நாளில் நடப்பில் உள்ள விதி என்ன என்று வாங்குகிறவரின் வக்கீல் கட்டாயம் கேட்பார். சர்வேயரை வைத்து அளந்த வரைபடத்தைத் தயாராக வைத்திருங்கள். 2022 மழையில் தண்ணீர் உள்ளே வந்ததா என்று கேட்டால், எந்தப் படி வரை வந்தது என்று காட்டிவிடுங்கள். எப்படியும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிடுவார்.

வாஸ்துவுக்காகச் சுவரை இடிக்காதீர்கள். தெருக்குத்துக்கு ஒரு பிள்ளையார் போதும். வாஸ்துவில் நம்பிக்கை உள்ளவர் உங்கள் வாசலைப் பார்த்ததுமே திரும்பிவிடுவார், அவருக்காகச் செலவு செய்து என்ன பயன்?

விலை பேசுவதில்தான் எங்கள் வீட்டில் மனக்கசப்பு வந்தது. இரண்டு தெரு தள்ளி விற்ற வீட்டின் விலையையே அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த வீட்டு டம்ளர் ஆடாதுடா" என்றார் அம்மா. எங்கள் வரிசையில் கடைசியாக விற்ற வீடு என்ன விலைக்குப் போனது என்பதுதான் சரியான கணக்கு. ஆனால் ரொம்பவும் இறங்கிவிடவும் முடியாது. அரசின் வழிகாட்டி மதிப்புக்குத் தண்டவாளமும் சாக்கடையும் தெரியாது. அதற்குக் கீழே விற்றாலும் முத்திரைக் கட்டணம் அந்த மதிப்புக்குத்தான். அது வாங்குகிறவர் பாடு என்று இருந்துவிடாதீர்கள். விற்ற விலையைவிட அந்த மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், உங்கள் கைக்கு வராத பணத்தையும் வந்ததாக வைத்துத்தான் வருமான வரி கணக்கிடப்படும். துறையின் மதிப்பீட்டு அதிகாரியை வைத்து மதிப்பிடச் சொல்லிக் கேட்க வழி இருக்கிறது. இதற்காகவே, ஆடிட்டரை விலை பேசுவதற்கு முன்னால் பாருங்கள். விற்ற பிறகு போனால் அவரால் தலையைத்தான் சொறிய முடியும். ஜன்னல் மாற்றிய பில்லையும் எடுத்துப் போங்கள்.

இரண்டாம் தடவை, வண்டி போகிற நேரமாகப் பார்த்தே வரச் சொன்னோம். நான்கு குடும்பங்கள் வாசலோடு திரும்பின. ஐந்தாவதாக வந்தவர்கள் தூரத்து ஆட்கள் இல்லை, பின்தெருவிலேயே 11 வருடமாக வாடகைக்கு இருந்தவர்கள். அவர்களிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம் என்பது எங்களுக்கு அப்போதுதான் தோன்றியது. வண்டி போனபோது அந்த வீட்டுப் பையன் பேச்சை நிறுத்தக்கூட இல்லை. புது ஜன்னலைச் சாத்தியும் திறந்தும் காட்டினோம், மரியாதைக்குத் தலையாட்டினார்கள். பத்திரங்களைத்தான் ஒரு மணி நேரம் புரட்டினார்கள்.

போன தீபாவளிக்கு அந்தப் பக்கம் போயிருந்தேன். எங்கள் சமையலறை ஜன்னல் விரியத் திறந்து கிடந்தது. வண்டி வந்தது, போனது. யாரும் சாத்த வரவில்லை.