மேரி பின்னிய காலுறை

நடுவர் அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பருக்குக் கை தட்டியவர்களில் நானும் ஒருவன். நன்றாகத்தான் பேசினார். பழைய விநோத இசை வீடியோக்களை நாம் இன்றும் தேடிப் பார்ப்பது திரையில் தெரியும் விநோதத்துக்காகவா, பாட்டுக்குப் பின்னால் இருக்கும் கதைக்காகவா என்பது தலைப்பு. விநோதத்துக்காகவே என்று அடித்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சரி, அதற்கு என்ன சாட்சி கொண்டுவந்தார்?

நார்வே நாட்டு ஆ-ஹா குழுவின் 'டேக் ஆன் மீ'. 1984இல் குழு பாடுவதைக் காட்டும் சாதாரண வீடியோவோடு வந்தது, எடுபடவில்லை. 1985இல் பென்சில் ஓவியத்துக்குள் நிஜப் பெண் நுழைகிற வீடியோ வந்தது, அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் நடுவர் அவர்களே, நம்மை அசர வைக்க நண்பர் அப்புறம் என்ன சொன்னார் என்று நினைத்துப் பாருங்கள். சுமார் 3,000 படங்கள், ஒவ்வொன்றும் கையால் வரைந்தது, 16 வாரம் ஆயிற்று என்றார். அதைக் கேட்டுத்தானே நாம் கை தட்டினோம்? அது திரையில் எங்கே தெரிகிறது? அது கதை. எங்கள் அணியின் சரக்கை எடுத்துத் தன் கடையில் விற்றுவிட்டார்!

விநோதம் முதல் தடவை பார்க்க வைக்கும். அதை நானே ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது தடவை ஏன் பார்க்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

பானி டைலரின் 'டோட்டல் எக்லிப்ஸ் ஆஃப் தி ஹார்ட்', 1983. இங்கிலாந்தில் பழைய மனநல மருத்துவமனை ஒன்றின் கட்டடத்தில் எடுத்தது. இருட்டுத் தாழ்வாரம், காற்றில் அலையும் திரைச்சீலை, கண்கள் பளபளவென ஒளிரும் பள்ளிப் பையன்கள். முதல் தடவை பார்க்கும்போது, காதல் பாட்டில் இந்தப் பையன்களுக்கு என்ன வேலை என்றுதான் தோன்றும். ஆனால் எழுதிய ஜிம் ஸ்டைன்மன் இதை முதலில் இரத்தக் காட்டேரிகளின் காதல் பாட்டாக நினைத்து எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். பின்னாளில் தன் காட்டேரி இசை நாடகத்திலேயே இதைச் சேர்த்தும் விட்டார். இது தெரிந்தபிறகு போய்ப் பாருங்கள். இருட்டுக்கும் ஒளிக்கும் நடுவில் பாட்டு ஏன் அப்படித் தவிக்கிறது என்று புரியும்.

அடுத்த சாட்சி நீதிமன்றத்திலிருந்தே வருகிறது. ஆஸ்திரேலியாவின் மென் அட் வொர்க் குழு, 'டவுன் அண்டர்', 1981. வீடியோவில் புல்லாங்குழல் வாசிக்கும் கிரெக் ஹாம் ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்திருப்பார். வேடிக்கைக்காக ஏறினார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கால் நூற்றாண்டு கழித்து, 2007இல், ஒரு தொலைக்காட்சி வினாடி வினாவில் கேட்டார்கள்: இந்தக் குழலிசைக்குள் ஒளிந்திருக்கும் குழந்தைப் பாட்டு எது? 'குக்கபரா' என்ற பாட்டு. சாரணியர் இயக்கத்துக்காக மரியன் சிங்கிளேர் என்ற ஆசிரியை 1930களில் எழுதியது. மரத்தில் உட்கார்ந்திருக்கும் குக்கபரா பறவையைப் பற்றிய பாட்டு அது. மரத்தில்! உரிமை வைத்திருந்த நிறுவனம் வழக்குப் போட்டது. 2010இல் தீர்ப்பு. அந்த மரம் ஏறிய காட்சியையும் நீதிபதி கணக்கில் எடுத்துக்கொண்டார். 2002 முதல் வந்த உரிமைத்தொகையில் 5 சதவீதம் கொடுக்க வேண்டியதாயிற்று. வேடிக்கைக் காட்சி ஒன்று கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. இனிமேல் அந்த மரத்தைப் பார்த்து உங்களால் பழையபடி சிரிக்க முடியுமா? எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

நேரம் இருக்கிறதா நடுவர் அவர்களே? இரண்டு நிமிடமா, போதும்.

எதுவார்ட் கீல், சோவியத் பாடகர். பழுப்புக் கோட்டு, மஞ்சள் டை, முகம் நிறையச் சிரிப்பு. ஒரு வார்த்தை கூட இல்லாமல் 'த்ரோலோலோ' என்று பாடிக்கொண்டே நடப்பார், ஆளில்லாத இடத்தில் யாருக்கோ கையசைப்பார். 1970களின் அந்த வீடியோவை 2010 வாக்கில் உலகமே பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். பைத்தியமா இந்த மனுஷன் என்று கூடக் கேட்டேன்.

அந்தப் பாட்டின் தலைப்பு என்ன தெரியுமா? ஒருவழியாக வீடு திரும்புகிறேன், அதனால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி என்பது பொருள். கீல் சொன்ன கதைப்படி அதற்கு முதலில் வரிகள் இருந்தன. அமெரிக்கப் புல்வெளியில் ஒருவன் குதிரையில் வருகிறான். ஆயிரம் மைல் தாண்டி, மேரி என்பவள் அவனுக்காகக் காலுறை பின்னிக்கொண்டிருக்கிறாள். அந்தக் காலத்தில் சோவியத் நாட்டில் இப்படி ஒரு வரியை வெளியிட முடியாது. அதனால் வெறும் ஒலியாகவே பாடினார்கள். அவருடைய மகன் வேறு கதை சொல்கிறார். பாட்டுக்கு வரிதான் உயிர் என்று ஒரு கவிஞர் வம்புக்கு இழுக்க, அப்படியானால் உன் வரியே எனக்கு வேண்டாம் என்று இசையமைப்பாளர் ஆஸ்திரோவ்ஸ்கி வெறும் மெட்டாகவே போட்டுக் காட்டினாராம்.

பார்த்தீர்களா, இசைதான் பெரிது என்று நிரூபித்துவிட்டார் என எதிரணி துள்ளுகிறது. துள்ளட்டும். துள்ள வைத்ததும் கதைதானே!

தன் வீடியோ உலகம் சுற்றுவதே கீலுக்குத் தெரியாது. பேரன் அந்த மெட்டை முனகிக்கொண்டு வந்தபோதுதான் தெரிந்தது. கோபப்பட்டாரா? இல்லை. ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள், சேர்ந்து பாடலாம் என்று உலகத்தைக் கூப்பிட்டார். 2012இல், 77 வயதில் காலமானார்.

மணி அடித்துவிட்டது. நண்பரே, இன்று இரவு அந்த வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். யாருமில்லாத இடத்தைப் பார்த்து அவர் கையசைக்கும்போது அங்கே மேரி நிற்கிறாளா இல்லையா என்று நாளைக்கு எனக்குச் சொல்லுங்கள். வணக்கம்.