துண்டு வெட்டிய பிறகு

வணக்கம் நேயர்களே. மலையகத்து ஆஸ்பத்திரிகளில் 31 வருடம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். கர்ப்பிணித் தாய்மாருக்கு ஏதாவது பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். சத்துணவையும் தடுப்பூசியையும் பற்றி உங்கள் மிட்வைஃப் மிஸ் மாதாமாதம் சொல்கிறார். நான் வேறொன்று பேசப் போகிறேன். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே ஒபரேஷன் செய்ய வேண்டி வந்தால் என்ன செய்வது? சீசரைச் சொல்லவில்லை. பிள்ளை உள்ளே வளர்ந்துகொண்டிருக்க, வேறொரு காரணத்துக்காகத் தாயின் வயிற்றில் கத்தி வைப்பதைச் சொல்கிறேன்.

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல் டிவிஷனிலிருந்து ஒரு தங்கச்சியைக் கொண்டுவந்தார்கள். ஐந்து மாதம். இரண்டு நாளாக வயிற்றுவலி, வாந்தி. "மசக்கை இன்னும் விடல போல" என்று மாமியார் ஓமத்தண்ணி கொடுத்துப் பார்த்திருக்கிறார். மாமியாரை நான் குறை சொல்ல மாட்டேன். குடல்வால் அழற்சி, அதாவது அப்பெண்டிக்ஸ், கர்ப்பிணிக்கு வந்தால் டொக்டர்மாரையே ஏமாற்றும். வயிறு பெருக்கப் பெருக்க, சிலருக்கு வலி வலது அடிவயிற்றில் இல்லாமல் கொஞ்சம் மேலே தெரியும். இரத்தத்தில் வெள்ளை அணு கூடியிருக்கிறதா என்று பார்த்தால், கர்ப்பத்தில் அது தானாகவே கூடும். ஆனாலும், நின்றுபோன மசக்கை வாந்தி ஐந்தாம் மாதத்தில் திடீரென்று திரும்பினால் சந்தேகப்படுங்கள். வலி ஓரிடத்தில் நிலைத்து, நடந்தாலும் இருமினாலும் குத்தினால், காய்ச்சலும் சேர்ந்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1990க்கு ஃபோன் எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே வண்டி ஏறாது என்றால், கம்பளியில் தூக்கி எந்த வளைவு வரை கொண்டுவருவது என்று இப்போதே பேசி வையுங்கள்.

ஸ்கேன் எடுத்து, ஒபரேஷன்தான் என்று டொக்டர் சொன்னதும் அந்தத் தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "புள்ளைக்கு ஒன்னும் ஆகாதா மிஸ்ஸி?"

ஒன்றும் ஆகாது என்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது. நானும் செய்யவில்லை. குடல்வால் வெடித்துச் சீழ் பரவினால் பிள்ளைக்கு வரும் ஆபத்து, வெடிக்கும் முன் செய்யும் ஒபரேஷனின் ஆபத்தைவிடப் பல மடங்கு பெரிது என்பதைத்தான் சொன்னேன்.

அவசரமில்லாத ஒபரேஷன் என்றால் பிள்ளை பிறந்த பிறகு பார்க்கலாம் என்பார்கள். சூலகக் கட்டி, பித்தப்பைக் கல் போன்றவை தொல்லை கொடுத்துத் தள்ளிப்போட முடியாமல் போனால், நாலாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் வைப்பார்கள். முதல் மூன்று மாதம் பிள்ளையின் உறுப்புகள் உருவாகும் காலம், கரு கலையும் பயமும் அப்போதுதான் அதிகம். கடைசி மூன்று மாதத்தில் கர்ப்பப்பை வயிற்றையே அடைத்துக்கொண்டு நிற்கும், குறைமாதத்தில் வலி எடுக்கவும் கூடும். ஆனால் உயிர் போகிற அவசரத்துக்கு நல்ல மாதம் கெட்ட மாதம் கிடையாது.

மயக்க மருந்தைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். இன்று வழக்கமாகக் கொடுக்கிற மயக்க மருந்துகள் உரிய அளவில் பிள்ளைக்கு ஊனம் உண்டாக்குவதாகத் தெரியவரவில்லை. முடிந்த இடத்தில் முதுகில் ஊசி போட்டு, வயிறும் அதற்குக் கீழேயும் மட்டும் மரக்கச் செய்வார்கள். அந்த ஊசியால் ஆயுசுக்கும் முதுகுவலி வரும் என்று லயத்தில் பேசிக்கொள்கிறோமே, பிள்ளை பெற்ற முதுகு ஊசி போடாமலும் வலிக்கும் அம்மா! சிலருக்குச் சில நாள் தலைவலி வரலாம், அதை டொக்டரிடம் சொல்ல வேண்டும். 20 வாரம் தாண்டியவரை நிமிர்த்திப் படுக்க வைக்காமல், வலது இடுப்புக்கு அடியில் எதையாவது வைத்து இடப்பக்கம் சரிப்போம். கர்ப்பப்பையின் பாரம் பெரிய இரத்தக் குழாயை அமுக்கினால் பிள்ளைக்குப் போகும் இரத்தம் குறையும். ஒபரேஷனுக்கு முன்னும் பின்னும் பிள்ளையின் நெஞ்சுத்துடிப்பைக் கேட்பார்கள். உங்களுக்கும் கேட்கவைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சாப்பிடாதே என்றால் சாப்பிடாதீர்கள். ஒரு தாய்க்குத் தியேட்டர் போகும் முன், பாவம் பசிக்குமே என்று உறவுக்காரப் பெண் ஒருத்தி முந்தானைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த ரொட்டியைக் கொடுத்துவிட்டார். ஒபரேஷன் ஆறு மணித்தியாலம் தள்ளிப்போனது. கர்ப்பிணிக்கு இரைப்பையின் வாய் தளர்ந்திருக்கும். மயக்கத்தில் சாப்பாடு மேலே ஏறி நுரையீரலுக்குள் போனால், ரொட்டி கொடுத்த அந்த அன்பே எமனாகிவிடும்.

கையெழுத்துப் போடும் முன், எதை வெட்டப் போகிறார்கள் என்று தமிழில் விளங்கும்வரை கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டு, "இதோட புள்ள பெத்துக்க முடியாம பண்ணிருவாங்களோ" என்று மனதுக்குள் நடுங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனித்தான் நான் சொல்ல வந்தது. ஐந்தாறு நாளில் துண்டு வெட்டி, அதாவது டிஸ்சார்ஜ் சீட்டு எழுதி, வீட்டுக்கு அனுப்புவார்கள். "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்பார் டொக்டர். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அந்த ரெஸ்ட்டை எங்கே வைத்து எடுப்பது? காம்பரா என்கிற அறையோ ஒன்று. தண்ணீர் பிடிக்கிற பீலி 70 படி கீழே. கக்கூஸ் லயத்துக்குப் பின்னால். அடுப்போ விறகு அடுப்பு. ஆகவே ஒபரேஷன் திகதி முன்கூட்டியே தெரிந்தவர்கள், தெரிந்த அன்றைக்கே வீட்டாரை உட்காரவைத்துப் பேசுங்கள்.

முதலில் தண்ணீர். 20 லீட்டர் கேன் 20 கிலோ. வயிற்றைத் திறந்து செய்த ஒபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் வரை ஐந்து கிலோவுக்கு மேல் தூக்காமல் இருப்பது நல்லது. அப்படியானால் பீலிக்குப் போவது யார்? புருஷன்தான் போக வேண்டும். நாலு பேர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மூத்த பிள்ளையை இடுப்பில் தூக்கக்கூடாது. உட்கார்ந்துகொண்டு மடியில் வைத்துக்கொள்ளலாம். கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டுவது எப்போது என்பதை கிளினிக் டொக்டர் சொல்லட்டும், கங்காணி சொல்ல வேண்டாம். ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறதே என்கிற கவலை எனக்கும் விளங்கும், நானும் லயத்தில் பிறந்தவள்தான்.

தரையில் பாயில் படுத்தால் எழும்புவது பெரும் பாடு. யாரிடமாவது ஒரு கட்டில் இரவல் வாங்குங்கள். எழும்பும்போது நேராக நிமிராமல், ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி எழும்ப வேண்டும். கக்கூஸில் குந்தி எழும்பப் பிடித்துக்கொள்ள ஒரு உறுதியான கம்பு அடித்து வையுங்கள். சளியும் அடுப்புப் புகையும் சேர்ந்து இருமல் வந்தால் சிறு தலையணையைக் காயத்தின் மேல் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். ரெஸ்ட் என்றால் படுத்தே கிடப்பதும் அல்ல. கர்ப்பத்தில் இரத்தம் சீக்கிரம் உறையும். அசையாமல் கிடந்தால் காலில் இரத்தக் கட்டி உண்டாகலாம். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் தினமும் நாலைந்து தடவை மெல்ல நடவுங்கள்.

இரத்தச்சோகை உள்ள உடம்பில் காயம் ஆறச் சுணங்கும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை நம் ஆட்கள் எதனோடு விழுங்குகிறோம்? பிளேன்டீயோடு! தேயிலைச் சாயம் அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தேத்தண்ணி வேண்டாம். கொய்யாவோ நெல்லியோ சேர்த்துச் சாப்பிட்டால் இன்னும் நல்லது. மாத்திரையால் மலம் இறுகும், முக்கினால் காயம் வலிக்கும். குளிர் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள், கீரையைக் கூட்டுங்கள். பத்தியம் என்று முட்டையையும் மீனையும் நிறுத்துவதுதான் எனக்குக் கோபம் வரும் இடம். காயம் ஆற அந்தப் புரதம் வேண்டும். வலிக்குப் பனடோலைச் சொன்ன அளவில் போடலாம். டைக்லோபெனக், ஐபுபுரூபன் போன்றவற்றைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள், பிள்ளைக்கு ஆகாது.

இரத்தமோ நீரோ போனால், வயிறு விட்டுவிட்டு இறுகினால், பிள்ளையின் அசைவு குறைந்தால், காயம் சிவந்து சீழ் கட்டினால், காய்ச்சல் வந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கர்ப்பவதிப் பதிவேட்டையும் துண்டையும் ஒரே பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டி வையுங்கள்.

அந்தத் தங்கச்சி தையல் பிரிக்க வந்தபோது இன்னொரு கேள்வி கேட்டாள். "வயிறு பெருசாகுறப்போ காயம் வெடிச்சிருமா மிஸ்ஸி?" நன்றாக ஆறிய காயம் அப்படி வெடிக்காது. தழும்பு இழுபடும், அரிக்கும், சொறியாதே, தேங்காய் எண்ணெய் தடவு என்றேன். குடல்வால் எடுத்ததற்காகப் பிரசவமும் சீசராகத்தான் வேண்டும் என்றில்லை. அவளுக்குச் சுகப்பிரசவம். ஒன்பதாம் மாதம் வார்டுக்கு வந்தபோது தழும்பைக் காட்டினாள். நாலு விரல் நீளத்தில் இருந்தது ஆறு விரலாகியிருந்தது. கூட வந்த புருஷனின் தோளில், கேன் தூக்கித் தூக்கி ஒரு காய்ப்பு.

நன்றி, வணக்கம்.