லயன்பிஷ் யாரு, எவரு: ஹட்டன் கூட்டத்துல நான் பேசினது

மரியாதைக்குரிய தலைவர் அவர்களே, அதிபர் ஐயா அவர்களே, கோயில் நிர்வாக சபைப் பெரியவங்களே, கொழுந்து நிறுத்துட்டு மழையோட மழையா நேரா இங்க வந்திருக்கிற அக்காமாரே, பின்னால நிக்கிற தம்பி தங்கச்சிமாரே, வணக்கம். மைக்செட் குடுத்த தம்பிக்கும் டீ போட்ட மாதர் சங்கத்துக்கும் நன்றி, இவங்க இல்லன்னா இந்தக் கூட்டமே இல்ல.

மூணு விஷயம் பேசப்போறேன். லயன்பிஷ்ங்கிற விஷமுள்ளு கடல்மீனோட உடம்பு, அதோட ஜீன், அப்புறம் அட்லாண்டிக் கடல்ல அது பண்ற நாசம். எங்க அப்பாயி எதுக்கெடுத்தாலும் "வெளுத்ததெல்லாம் பாலாகுமா"ன்னு கேக்கும், இன்னைக்கு அதுதான் பேச்சு.

மலையில இருக்கிறவனுக்கு எதுக்கு கடல்மீனுன்னு கேக்காதீங்க. டெராய்ஸ் மைல்ஸ்ங்கிற லயன்பிஷ்ஷை 1828ல நம்ம இலங்கைக் கடல்ல இருந்துதான் பென்னெட்ங்கிற வெள்ளைக்காரர் எழுதி வச்சாரு. நம்ம ஆளுக இந்தியாவுல இருந்து தோட்ட வேலைக்கு 1823ல வந்தாங்கன்னு 2023ல 200 வருஷம் நினைவு கூர்ந்தமே, கிட்டத்தட்ட அந்தக் காலம்தான்.

எங்க தாய்மாமா நீர்கொழும்புப் பக்கம் அலங்கார மீன் ஏத்துமதி பண்ற இடத்துல இருந்தாரு. ஒருநாள் ரெண்டு பையனுக செத்துக்கிடந்த ஒரு மீனை வச்சிக்கிட்டு ஒரே சண்டை, ஒருத்தன் வொலிடான்ஸ்ங்கிற இன்னொரு லயன்பிஷ் இனம்ங்கிறான், இன்னொருத்தன் மைல்ஸ்ங்கிறான், ரெண்டு பேரும் வரியையும் கலரையும் காட்டியே கத்துறானுக. மாமா சொன்னாரு, "கலரை விடுங்கடா, முதுகுத் துடுப்புல முள்ளுக்குப் பின்னால மெல்லிசா கதிர் இருக்கும் பாரு, அதை எண்ணு, பத்துன்னா மைல்ஸ், பதினொண்ணுன்னா வொலிடான்ஸ்". சொல்லிட்டு அவரே எண்ண ஆரம்பிச்சாரு. முதுகுல 13 முள்ளு, எல்லாத்துலயும் விஷம், மீன் செத்தாலும் முள்ளு சாகாது. ஏழு எட்டுன்னு எண்ணும்போதே ஏறிடுச்சு குத்து! ஒருத்தன் ஐஸ் எடுக்க ஓடுறான், பக்கத்துல இருந்த வயசான மீன்காரர் "ஐஸ் வேணாம்டா, பொறுக்கிற சூட்டுல சுடுதண்ணி கொண்டா"ன்னு கத்துறாரு, அந்த விஷம் புரதம், சூட்டுல கெட்டுப்போகும். மாமா ஒரு கையை வாளிக்குள்ள விட்டுக்கிட்டு கண்ணுல தண்ணி வடிய, மத்தக் கையால மீதியை எண்ணி முடிச்சு, "பத்துடா! பத்தேதான்!"ன்னு சத்தம் போட்டாரு.

ஆனா வெளுத்ததெல்லாம் பாலாகுமா? கதிர் எண்ணிக்கையும் சிலதுல முன்னபின்ன வரும், அதனாலதான் ரெண்டும் ஒரே இனம்னே ரொம்ப நாள் நினைச்சிருந்தாங்க. நெஞ்சுத் துடுப்புக் கதிர் கிளை விட்டிருந்தா டென்ட்ரோகைரஸ்ங்கிற பேரினம், விடலைன்னா டெராய்ஸ் பேரினம்னு பிரிச்சு வச்சிருந்ததும் ஜீன் பாத்தப்ப சரியா ஒட்டல. 2018ல வந்த ஆராய்ச்சி, வொலிடான்ஸே இந்து சமுத்திர மைல்ஸும் பசிபிக் இனமும் கலந்து வந்ததா இருக்கணும்னு சொல்லுது. துடுப்பையும் பாக்கணும், ஜீனையும் பாக்கணும், ஒண்ணை மட்டும் நம்பினா ஏமாந்துதான் போவோம்.

இதை யாரு பாக்கிறது? நம்ம கடல் மீனுக்கு வெள்ளைக்காரன் பேரு வச்சான், சரி, அடுத்ததுக்காவது தோட்டத்துப் பிள்ளை வைக்கட்டும்ங்கிறேன். ஏலெவல்ல பயோ படிக்க ஆசைப்படுற பிள்ளை லேப் இல்லாம, சயன்ஸ் டீச்சர் இல்லாம ஆர்ட்ஸுக்குப் போகுதே, அதைப் பாத்துட்டு நம்ம சும்மா இருக்கலாமா! தோட்டத்துப் பிள்ளைக்கு சயன்ஸ் ஏறாதுங்கிறான், வெளுத்ததெல்லாம் பாலாகுமா, பிள்ளையை மைக்ராஸ்கோப் முன்னால உக்கார வச்சுப் பாத்தானா?

தலைவர் மணியைக் காட்டுறாரு, அட்லாண்டிக் கதைய இன்னொரு நாள் வச்சுக்குவோம். மாகாணக் கல்வி அமைச்சுக்குக் குடுக்கப்போற லேப் மகஜர் வாசல்ல மேசையில இருக்கு, எல்லாரும் கையெழுத்துப் போடுங்க, எழுத வராத அம்மாமாருக்கு தங்கச்சிங்க பெருவிரல் வைக்க உதவி பண்ணுங்க.