விதைக்கலாமா, வேண்டாமா?

நேயர்களுக்கு வணக்கம். முதல் மழை பெய்ததும் ஒருவர் உழுது விதைத்துவிடுகிறார். விதையும் முளைக்கிறது. அப்புறம் மூன்று வாரம் ஒரு சொட்டு இல்லை. முளைத்ததெல்லாம் கருகிப்போகிறது. மறுபடி விதை, மறுபடி உழவு, மறுபடி கடன். பெரியவர்கள் கைவிரலில் வைத்திருந்த மழைக்கணக்கு முன்பு ஓரளவு ஒத்துவந்தது. இப்போது அடிக்கடி தவறுகிறது.

விவசாயத்தில் டிஜிட்டல் தொழில்நுட்பம் என்றாலே பேச்சு ட்ரோனுக்குப் போய்விடுகிறது. எனக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு முதலில் வேண்டியது ஒரே பதில்தான்: இந்த வாரம் விதைக்கலாமா, வேண்டாமா?

2025 காரிஃப் பருவத்தில், அதாவது பருவமழையை நம்பி விதைக்கும் பருவத்தில், இந்திய வேளாண் அமைச்சகம் அந்தப் பதிலைச் சொல்லிப் பார்த்தது. பருவமழை எப்போது தொடங்கும் என்று செயற்கை நுண்ணறிவு கணித்ததை, 13 மாநிலங்களில் சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள். அந்த ஆண்டு பருவமழை மேற்கொண்டு முன்னேறாமல் நடுவழியில் ஏறக்குறைய 20 நாள் நின்றுவிட்டது. அந்த இடைவெளியையும் கணிப்பு முன்கூட்டியே பிடித்திருந்தது. பிறகு பீகாரிலும் மத்தியப் பிரதேசத்திலும் ஃபோனில் விசாரித்தபோது, 31 முதல் 52 சதவீதம் பேர் உழவு, விதைப்பு போன்ற வேலைகளைச் செய்தியைப் பார்த்து மாற்றிக்கொண்டதாகச் சொன்னார்கள். ட்ரோன் எதுவும் பறக்கவில்லை, பாருங்கள்.

மண்ணுக்குள் வைக்கும் ஈரப்பத உணரியும் இதே ரகம்தான். மேல்மண் வெடித்துக் கிடக்கும். மோட்டார் போடக் கை பரபரக்கும். ஒரு சாண் ஆழத்தில், வேர் இருக்கும் இடத்தில், ஈரம் இன்னும் இருக்கும். கருவி அதைக் காட்டினால் அன்றைய தண்ணீர் மிச்சம்.

சரி, கணிப்பு பொய்த்தால்? நஷ்டம் செய்தி அனுப்பியவருக்கு இல்லை, விதைத்தவருக்கு. அதனால் "மழை வரும்" என்று அடித்துச் சொல்லக்கூடாது. "பத்தில் ஏழு பங்கு வாய்ப்பு" என்று சொன்னால், பாதி நிலத்தில் மட்டும் விதைத்து மீதியை நிறுத்திவைக்கலாமா என்று அவரே முடிவெடுப்பார். நாள்தோறும் வானத்தோடு பேரம் பேசுகிறவருக்கு வாய்ப்புக் கணக்கு புரியாது என்று நினைப்பது நம் அறியாமை.

இன்னொன்று. பல வீடுகளில் ஃபோன் கணவரின் சட்டைப்பையில் இருக்கிறது. நாற்று நடுவதும் களை எடுப்பதும் மனைவி. எழுத்துச் செய்தி அவரிடம் போய்ச் சேருவதே இல்லை. குரல் அழைப்பாக அனுப்பினால் வீட்டில் நாலு பேர் காதில் விழும். அதையும் நண்பகலில் அனுப்பாமல், எல்லோரும் வயலிலிருந்து திரும்பிய பிறகு, ஏழு மணிக்கு மேல் அனுப்பலாம்.