மூக்குல என்ன வச்சிருக்கான்?

வணக்கம்ங்க. ஹைப்பர்சானிக் மிசைல்னாலே எல்லாரும் வேகம் வேகம்னு தான் பேசுறாங்க. ஒலியை விட 5 மடங்குக்கு மேல போனா ஹைப்பர்சானிக், அவ்ளோதான், அந்தக் கணக்குல பாத்தா கண்டம் விட்டு கண்டம் பாயுற பழைய மிசைலே கீழ இறங்குறப்ப 20 மடங்கு வேகத்துல தான் வருது. அதனால வேகத்தை ஓரமா வச்சிடுவோம், வர்ற மிசைல்ல இருக்குறது அணுகுண்டா சாதா குண்டான்னு எப்படித் தெரியும்ங்கறது தான் கேள்வி.

1998 ஆகஸ்ட் 20, அமெரிக்கக் கப்பல்கள் அரபிக் கடல்ல நின்னுக்கிட்டு ஆப்கானிஸ்தான்ல கோஸ்ட் நகரத்துப் பக்கம் இருந்த அல்கொய்தா முகாம்கள் மேல டோமஹாக் மிசைல்களை விட்டுச்சு, பின்லேடன் தப்பிச்சிட்டார். டோமஹாக் கிட்டத்தட்ட பயணிகள் விமானத்தோட வேகத்துல தான் போகும். இந்த மாதிரி ஆள் கை நழுவிப் போற அனுபவத்துல தான் உலகத்துல எந்த மூலையா இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள்ள அடிக்கணும், ஆனா அணுகுண்டு கூடாதுன்னு அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன்ல ஒரு ஆசை வளந்துச்சு.

2006ல புஷ் அரசு சுலபமான வழி ஒண்ணு சொல்லுச்சு, நீர்மூழ்கிக் கப்பல்ல இருக்குற ட்ரைடென்ட் மிசைல் சிலதுல அணுகுண்டைக் கழட்டிட்டு சாதா குண்டை மாட்டிடலாம்னு. அமெரிக்க காங்கிரஸ் ஒத்துக்கல. அதே கப்பல், அதே மிசைல், பாக்குறவனுக்கு மூக்குல என்ன வச்சிருக்கான்னு எப்படிங்க தெரியும்?

இது சும்மா பயம் இல்ல. 1995 ஜனவரி 25, நார்வேல ஆண்டோயா தீவுல இருந்து துருவ ஒளியை ஆராய ஒரு ராக்கெட் விட்டாங்க, ரஷ்ய ராடார்ல அது ட்ரைடென்ட் மாதிரியே தெரிஞ்சு அப்ப ரஷ்ய அதிபரா இருந்த யெல்ட்சின் முன்னாடி, அணு ஆயுதம் விட உத்தரவு கொடுக்குற பெட்டியைத் திறந்து வச்சிட்டாங்க. இத்தனைக்கும் நார்வே முன்னாடியே தகவல் சொல்லியிருந்துச்சு, ராடார்ல உக்காந்திருந்தவங்களுக்கு அது போய்ச் சேரல. நம்ம ஊர் ஆபீஸ்ல ஃபைல் போற கதை தான்!

சரி, வேற மாதிரி பறக்க விடுவோம்னு கிளைடருக்கு வந்தாங்க. ராக்கெட் மேல கொண்டு போய் விட்டதும் பருந்து றெக்கை அடிக்காம சறுக்குற மாதிரி காத்து மண்டலத்துலயே வளைஞ்சு நெளிஞ்சு போகும். ஹெச்டிவி-2ன்னு அமெரிக்காவோட சோதனைக் கிளைடர் ஒண்ணை 2010லயும் 2011லயும் விட்டாங்க, ரெண்டு தடவையும் 9 நிமிஷம் வாக்குல தொடர்பு போச்சு. ரெண்டாவதுல மேல்தோலே உரிஞ்சு வந்துடுச்சுன்னு கண்டுபிடிச்சாங்க, 20 மடங்கு வேகத்துல அந்தச் சூடு அப்படி. அமெரிக்க ராணுவத்தோட கிளைடர் மட்டும் 2011 நவம்பர்ல ஹவாய்ல கிளம்பி 3,700 கிலோமீட்டர் தள்ளி பசிபிக் கடல்ல இருக்குற குவாஜலின் தீவுல சரியா விழுந்துச்சு. இப்ப அமெரிக்க ராணுவத்துக்கிட்ட இருக்குற டார்க் ஈகிள் மிசைல் அந்த வழியில வந்தது தான், தூரம் சுமார் 2,775 கிலோமீட்டர், உலகத்தோட எந்த மூலையும்ங்கற பேச்சையே காணோம்.

கிளைடர் பாதையே வேற, அதனால அணுகுண்டுன்னு யாரும் குழம்ப மாட்டாங்கன்னாங்க. எனக்கு அது அப்பவே சரியாப் படல, ரஷ்யாவோட அவன்கார்டும் கிளைடர் தான், அதுல வைக்கிறது அணுகுண்டு. போதாக்குறைக்கு நடுவழியில திரும்புறதால யார் தலையில விழப்போகுதுன்னே கடைசி வரைக்கும் தெரியாது.

2024 நவம்பர் 21, உக்ரைன்ல டினிப்ரோ நகரத்து மேல ரஷ்யா ஒரேஷ்னிக்னு புது மிசைலை அணுகுண்டு இல்லாம விட்டுச்சு. விடுறதுக்கு 30 நிமிஷம் முன்னாடியே அமெரிக்காவுக்குத் தகவல் அனுப்பிட்டோம்னு கிரெம்ளின் சொல்லுச்சு, ஆமா வந்துச்சுன்னு பென்டகனும் சொல்லுச்சு. இந்தத் தடவை தகவல் போய்ச் சேந்துடுச்சு.