தீயில எரிஞ்ச உடம்புக்கு சி.டி. ஸ்கேன் எதுக்கு?

(காட்சி: மதுரை பனகல் ரோடு, டீக்கடை)

நம்ம பெரியாஸ்பத்திரி வாசல்ல டீ குடிச்சிட்டு நின்னீங்கன்னா இந்தப் பேச்சு என்னைக்காச்சும் காதுல விழும். "கை ரெண்டும் மடங்கி குத்துச்சண்டைக்கு நிக்கிற மாதிரியே கெடந்தாருண்ணே, யாரோடயோ மல்லுக்கட்டியிருக்காரு, அடிச்சுப் போட்டுத்தான் கொளுத்தியிருக்காய்ங்க."

அது சண்டை இல்லங்க, சூடு. தீ பட்டா தசை சுருங்கும், கையை மடக்குற தசை நீட்டுற தசையை விட பலம் ஜாஸ்தி, அதனால முழங்கை தானா மடங்கிக்கும், செத்ததுக்கப்புறம் எரிஞ்சாலும் இதே கோலம்தான். ஆக வெளிய பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது.

(காட்சி: சி.டி. மெஷின்)

கருகுன உடம்பு அப்பளம் மாதிரி, தூக்கும்போதே பல்லு உதிரும், எலும்பு நொறுங்கும். அதனாலதான் உடம்பு வச்சிருக்குற பையோட ஜிப்பைக்கூட தொறக்காம அப்படியே சி.டி.ல போட்டுர்றது. உள்ள குண்டு இருந்தா பளிச்சுனு தெரியும், கத்தி முனை ஒடிஞ்சு நின்னாலும் தெரியும். தொடையில ராடு, முட்டியில பிளேட்டு இருந்தா ஆளைக் கண்டுபிடிக்க பாதி வேலை முடிஞ்சுது, நம்ம ரிங் ரோட்டுல பைக்ல விழுந்து ராடு வச்சவங்களுக்கா பஞ்சம்? ஆனா அந்த ராடுல இருக்குற நம்பரைப் படிக்கணும்னா டாக்டர் வெட்டி வெளிய எடுத்தாத்தான் உண்டு. பல்லும் அப்படித்தான், வேர் சிகிச்சை பண்ண பல்லு ஸ்கேன்ல தெரியும், ஒப்பிட்டுப் பாக்க பழைய எக்ஸ்ரே வேணும். (பீரோ மேல கெடக்குறதைத் தூக்கிப் போட்றாதீங்க.)

2009ல ஆஸ்திரேலியா விக்டோரியாவுல காட்டுத்தீ, 173 பேர் செத்தாங்க. அங்க மெல்போர்ன்ல வந்த பைகளை சி.டி.ல போட்டுப் பாத்தாங்க, சில பையில இருந்தது மனுஷ எலும்பே இல்ல, மிருக எலும்பு. நம்ம நாட்டுல தில்லி எய்ம்ஸ்ல 2021லயே இந்த ஸ்கேன் வேலையை ஆரம்பிச்சுட்டாங்க.

சரி, அப்ப உடம்பை அறுத்துப் பாக்கவே வேணாமான்னா, வேணும். தீ புடிக்கும்போது ஆளு உசுரோட இருந்தாரான்னு சி.டி. சொல்லாது. அதுக்கு மூச்சுக்குழாயைத் தொறந்து உள்ள கரி படிஞ்சிருக்கான்னு கண்ணால பாக்கணும், ரத்தத்தை எடுத்து கார்பன் மோனாக்சைடு (புகையில இருக்குற விஷ வாயு) எம்புட்டுனு லேபுக்கு அனுப்பணும். வெளிய கரிக்கட்டையா இருந்தாலும் உள்ள நெஞ்சுல ரத்தம் பெரும்பாலும் கெடைச்சிரும். 50 சதவீதத்துக்கு மேல இருந்தா புகைதான் கொன்னுருக்குன்னு பெரும்பாலும் சொல்லிரலாம். அஞ்சாறு சதவீதம்தான்னா அதை வச்சு ஒண்ணும் பேச முடியாது, பீடி குடிக்கிறவருக்கு சும்மாவே அம்புட்டு இருக்கும்.

(காட்சி: மண்டை ஓட்டு ஸ்கேன்)

இருக்கறதுலயே சிக்கல் இதுதான். சூட்டுல மண்டை ஓட்டுக்குள்ளயே ரத்தம் கசிஞ்சு மூளைக்கு மேல கட்டியா நிக்கும், பாத்தா கட்டையால அடிச்ச மாதிரியே இருக்கும். ஸ்கேன்ல அது பிறை மாதிரி பரவி, உள்ள தேன்கூடு கணக்கா காத்துக்குமிழோட தெரிஞ்சா, மேல எலும்பும் அதே எடத்துல கருகியிருந்தா, சூட்டு வேலைன்னு சந்தேகப்படலாம். ரம்பம் வச்சு மண்டை ஓட்டை அறுத்தா அந்தக் கட்டி உதிர்ந்து போகவும் வாய்ப்பிருக்கு, அதனால படம் மொதல்ல, ரம்பம் அடுத்து. அப்புறம் அந்தக் கட்டியில கொஞ்சம் எடுத்து அதுலயும் கார்பன் மோனாக்சைடு இருக்கான்னு லேப்ல பாப்பாங்க. இதுக்கெல்லாம் நேரம் புடிக்கும், வெளிய நிக்கிற சொந்தக்காரங்க "இன்னும் எம்புட்டு நேரம்யா"ன்னு கேப்பாங்க, கேக்கத்தான் செய்வாங்க.