65 வாட் வெப்பமும் புதிய ஈர்ப்பு விதியும்

அவையோர்க்கு வணக்கம்.

கோள் ஒன்று கணக்குக்கு அடங்காமல் நகர்ந்தால், காணாத பொருள் ஏதோ இழுக்கிறது எனலாம். ஈர்ப்பு விதியே பிழை எனவும் சொல்லலாம். யுரேனஸ் தடம் விலகியபோது முதல் ஐயம் சரியாயிற்று. 1846இல் நெப்டியூன் கிடைத்தது. புதனின் சுற்றுப்பாதை நூற்றாண்டுக்கு 43 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது பாகையின் 3,600இல் ஒரு பங்கு) கூடுதலாகத் திரும்பியதற்கும் வல்கன் என்றொரு கோளைத் தேடினார்கள். அப்படி எதுவும் இல்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் புதிய விதி அந்த 43ஐ அப்படியே தந்தது.

சூரியக் குடும்பத்தின் வெளிப்புறம் நோக்கிச் சென்ற பயனியர் 10, 11 விண்கலங்களின் கதை இந்த இரண்டிலும் சேராது. இரண்டுமே சூரியனை நோக்கி 8.74×10⁻¹⁰ மீ/நொடி² கூடுதல் முடுக்கம் காட்டின. ஓராண்டு முழுக்கச் சேர்ந்தாலும் வேகம் நொடிக்கு 2.8 சென்டிமீட்டர்தான் மாறும். ரேடியோ அலையின் டாப்ளர் பெயர்ச்சிக்கு, அதாவது கலத்தின் வேகத்தால் அலையின் அதிர்வெண் மாறுவதற்கு, அதுவும் தப்பாது.

ஒளிவேகத்தை, அண்டம் விரியும் வீதமான ஹபிள் மாறிலியால் பெருக்கினாலும் கிட்டத்தட்ட இதே எண் வரும். விண்மீன் மண்டலங்களின் சுழற்சியை விளக்க, ஈர்ப்பு விதியை மாற்றி 1983இல் இயற்பியலாளர் மில்குரோம் முன்வைத்த கொள்கையின் முடுக்க அளவும் (இன்றைய மதிப்பில் 1.2×10⁻¹⁰ மீ/நொடி²) வெகு தொலைவில் இல்லை. புதிய ஈர்ப்புக் கொள்கைகள் குவிந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்த இழுப்பு யுரேனஸையும் நெப்டியூனையும் ஏன் தொடவில்லை? இந்தக் கேள்வியை அன்றே இன்னும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். கலத்தின் நிறை ஏறத்தாழ 250 கிலோ. முடுக்கத்தால் பெருக்கினால் விசை 2.2×10⁻⁷ நியூட்டன். வெப்பக் கதிர் ஒரு பக்கம் வெளியேறினால் கலத்தை எதிர்ப்பக்கம் தள்ளும்; இந்த விசைக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்றால், விசையை ஒளிவேகத்தால் பெருக்க வேண்டும்: 65 வாட். கலத்தின் புளூட்டோனிய மின்கலங்கள் வெளிவிட்ட வெப்பமோ 2,000 வாட்டுக்கும் மேல்! அதில் மூன்று சதவீதம் ஒரு பக்கமாகச் சாய்ந்தாலே போதும். சாயவும் செய்தது. 2.74 மீட்டர் ஆண்டெனாத் தட்டு எப்போதும் பூமியைப் பார்த்தே இருக்கும். மின்னணுப் பெட்டி அதன் முதுகில். பெட்டியின் வெப்பம் பின்பக்கமாகவே வெளியேறும். மின்கலங்களின் வெப்பமும் தட்டின் முதுகில் பட்டுத் திரும்பும். எதிர்விசை கலத்தைச் சூரியன் பக்கம் தள்ளும்.

முதல் ஆய்வில் முடுக்கம் மாறாதது போலத் தெரிந்தது, தரவின் காலம் குறுகியது என்பதால். பழைய தரவுகளையும் மீட்டுச் சேர்த்துப் பார்த்தபோது அது மெல்லக் குறைவது தெரிந்தது. புளூட்டோனியம் தேயும், மின்சாரம் குறையும், தள்ளலும் குறையும். ஈர்ப்பு அப்படித் தேயாது. 2012இல் வெளியான வெப்பக் கணக்கு, புதிய விதிக்கு இடமே வைக்கவில்லை.

பூமியை ஒட்டிப் பறந்த கலங்களின் புதிர் மட்டும் தீரவில்லை. 1990இல் கலிலியோ நொடிக்கு 3.92 மில்லிமீட்டரும் 1998இல் நியர் 13.46 மில்லிமீட்டரும் கூடுதல் வேகம் பெற்றன. பூமியின் சுழற்சியோடு அதை இணைத்து 2008இல் ஒரு சூத்திரம் வந்தது. 2009இல் ரொசெட்டாவும் 2013இல் ஜூனோவும் அதற்கு உடன்படவில்லை.